வேலந்தாவளம் கிடங்கு வேலையும் ஒரு டீசல் நோட்டும்

கொழிஞ்சாம்பாறைக்காரனான நான் பதினேழு ஆண்டுகளாக எல்லையின் இரண்டு பக்கமும் கட்டட வேலைகளில் தளப் பொறியாளராக இருந்துவருகிறேன். காலையில் பாலக்காடு மாவட்டத்தில் கான்கிரீட் போட்டுவிட்டு மாலையில் கோவை மாவட்டத்தில் கம்பிக் கணக்குப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமான நாள்தான். 2023 நவம்பரில் வேலந்தாவளத்துக்கு அருகே மூன்று ஏக்கர் நிலத்தில் ஒரு சரக்குக் கிடங்கு கட்டும் வேலை எங்கள் சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு நிபந்தனை இருந்தது. தளத்தில் எரியும் டீசல் முழுவதையும், வண்டிவாரியாக, மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டச் சொன்னவர்கள் பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனத்தினர். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி 2022-23 நிதியாண்டு முதல் அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எங்கள் தளத்தில் எரியும் டீசல் எங்களுக்கு நேரடிக் கார்பன் உமிழ்வு என்றும், அவர்களுக்கு அதுவே மறைமுக உமிழ்வாகக் கணக்கில் ஏறும் என்றும் அவர்களுடைய அலுவலர் ஒருவர் விளக்கினார். எனக்கு அப்போது விளங்கியது ஒன்றுதான்: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். லிட்டரை ஒழுங்காக எழுதினால் மற்றது பெருக்கல் கணக்கு.

லிட்டரை ஒழுங்காக எழுதுவதுதான் எங்களால் முடியவில்லை. எல்லையில் இருப்பவர்களுக்கு டீசல் எந்தப் பக்கம் மலிவு என்பது எப்போதும் நினைவில் இருக்கும். கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் விதித்த பிறகு அந்த எண்ணம் இன்னும் உறைத்தது. அதனால் தமிழ்நாட்டுப் பக்கத்து பம்பில் இருந்து சின்ன வண்டியில் பேரல் பேரலாக டீசல் வரும். வந்த பேரலில் இருந்து ஹோஸ் வைத்து யார் எந்த வண்டிக்கு ஊற்றினார்கள் என்பதற்கு எந்த எழுத்தும் இருக்காது. முதல் வாரமே ஒரு நோட்டு போட்டு, பேரலுக்கு ஒரு மீட்டர் பம்பு வாங்கி, ஊற்றுகிறவர் வண்டியின் மணி மீட்டர் (எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டுவது) எண்ணையும் லிட்டரையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னேன். மூன்றாவது வாரத்தில் இரண்டு கேன் டீசல் கணக்கில் இடித்தது. யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டு கேனுக்குப் பிறகுதான் எங்கள் முதலாளிக்கு இந்த நோட்டின்மேல் உண்மையான அக்கறை வந்தது. பேரலை மூடாமல் வைத்ததால் தண்ணீர் சேர்ந்து பில்டர் அடைத்த தொல்லையும் அதே நோட்டால் தெரியவந்து நின்றது.

முதல் முழு மாதக் கணக்கு கையில் வந்தபோது நான் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு. மண் தோண்டும் இருபது டன் இயந்திரம் (எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் எங்கள் பக்கம் அதற்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர்) சும்மா நின்று உறுமுவதே பெரிய வீண் என்று நினைத்திருந்தேன். அதன் திரையில் சர்வீஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஓடிய 216 மணியில் 86 மணி வேலையின்றி ஓடியதாகக் காட்டியது. ஐந்தில் இரண்டு பங்கு நேரம்! ஆனால் வேலை செய்யும்போது மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும் வண்டி, சும்மா நிற்கும்போது மூன்றரை லிட்டர்தான் குடிக்கிறது. அந்த 86 மணிக்கு ஏறக்குறைய 300 லிட்டர். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். வீண்தான். ஆனால் அதைவிடப் பெரிய வீண் இரவில், யாரும் பார்க்காத நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

வாடகைக்கு எடுத்த, 62.5 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர், பகல் வேலை முடிந்த பிறகும் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை ஓடியது. அது தாங்கிய சுமை, காவலாளியின் விளக்குகள், தொழிலாளர் கொட்டகையின் மின்விசிறிகள், எல்லோருடைய செல்போன் சார்ஜர்கள்: கூட்டிப் பார்த்தால் இரண்டரை கிலோவாட் தேறாது. ஜெனரேட்டருக்குச் சுமை குறைந்தாலும் டீசல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்வதற்கே ஒரு பங்கு போய்விடும். மாலையில் டேங்கை நிரப்பி, காலையில் திரும்ப நிரப்பி அளந்தால் ஓர் இரவுக்கு 33 லிட்டர். மாதத்துக்கு ஆயிரம் லிட்டர் அளவில், அதாவது இரண்டரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று கிலோவைத் தாண்டுகிறது. நல்ல சுமையில் ஓடும் ஜெனரேட்டருக்கு யூனிட்டுக்கு 0.8 கிலோ அளவில் வரும். இந்தியாவின் மின்தொகுப்புக்கு மத்திய மின்சார ஆணையம் தரும் எண் 0.7 கிலோவை ஒட்டியது. குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எரியாத எரிபொருள் புகைக்குழாயில் கருப்பாக ஒழுகுவதையும் நாங்கள் கண்டோம். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேலையே குடுக்காம ஓட்டுறீங்களே சார், எஞ்சின் கெட்டுப்போகுமுங்க" என்றார்.

இரவு ஜெனரேட்டரை நிறுத்துவது எளிதாகவே இருந்தது. வாசலுக்கும் கம்பி குவித்த இடத்துக்கும் இரண்டு சோலார் விளக்குகள், கொட்டகைக்கு ஓர் இன்வெர்ட்டரும் நான்கு பேட்டரிகளும். பகலில் ஜெனரேட்டர் எப்படியும் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகிவிடும். அந்தச் சுமை ஜெனரேட்டருக்கும் நல்லது. மூன்று மாத டீசலில் முதலீடு திரும்பிவிட்டது. இரவுச் சத்தம் நின்றதற்குப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வந்து நன்றி சொன்னது நான் எந்தக் கணக்கிலும் எழுதாத வரவு.

பகலில் அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் எதற்கு என்று தேடியபோது, காரணம் ஆழ்துளைக் கிணற்றின் ஏழரை எச்பி மோட்டாரில் போய் நின்றது. ஓடும்போது அது கேட்கும் மின்சாரம் குறைவு. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்குப் பயந்துதான் பெரியதை வைத்திருந்தோம். மோட்டாரை மெல்ல மெல்ல முடுக்கும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்த பிறகு 25 கேவிஏ ஜெனரேட்டரே கம்பி வெட்டும் இயந்திரம், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர், மோட்டார் எல்லாவற்றையும் தாங்கியது. வெல்டிங் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யாமல் வாரத்தில் மூன்று நாளுக்குள் சேர்த்து, அந்த நாட்களுக்கு மட்டும் பெரியதை வரவழைத்தோம். ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மோட்டார் எது என்று கண்டுபிடிப்பது, நான் இப்போது எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் செய்யும் வேலை.

மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு முதலிலேயே இருந்திருந்தால் இந்தப் பாடு பாதியும் இருந்திருக்காது. அது எங்கள் தவறு. நிலத்தின் ஆவணங்களைச் சேர்த்து விண்ணப்பிப்பதை, அஸ்திவாரம் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். கம்பமும் மூன்று பேஸ் இணைப்பும் வந்து சேர்ந்தபோது மார்ச் மாதம் ஆகிவிட்டது. வந்த பிறகு டீசல் கலவை மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு மின்மோட்டார் வைத்ததை எடுத்தோம். மாலையில் மின்னழுத்தம் இறங்கி வைப்ரேட்டர் சோர்ந்துபோகும் என்பதால் கான்கிரீட் போடுவதை முற்பகலுக்கு மாற்றினோம். கேரளத்தில் நீர்மின்சாரம்தானே, அதற்கு உமிழ்வே இல்லை என்று எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு, தென்னகத் தொகுப்பே 2013 டிசம்பர் 31இல் இணைந்துவிட்டது, ஆகவே அகில இந்திய எண்ணைத்தான் எழுத வேண்டும் என்று கட்டச் சொன்ன நிறுவனத்தின் அலுவலர் சொல்லிவிட்டார். உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கணக்கு சரி.

இனி மண் வேலை. உண்மையில் எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் இங்கேதான் கிடைத்தது, அதுவும் எந்த இயந்திரத்தையும் தொடாமலே. நிலத்தின் மேற்கு மூலை மேடு, கிழக்கு தாழ்வு. முதல் மதிப்பீட்டில் மேட்டை வெட்டி எடுக்கும் மண் முழுவதையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதாகவும், தாழ்வை நிரப்ப 22 கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து 360 லோடு கிராவல் வருவதாகவும் எழுதியிருந்தோம். காரணம், மேலே தெரிந்தது கரிசல். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதியில் கரிசல் எவ்வளவு தொல்லை என்று இங்கு வீடு கட்டிய எவருக்கும் தெரியும். மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், தரைக்கு அடியில் அதை வைக்கக் கூடாது. ஆனால் கரிசல் எவ்வளவு ஆழம் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. டிப்பர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு சந்தேகத்தில் ஆறு இடங்களில் சோதனைக் குழி எடுக்கச் சொன்னேன். ஒன்றரை அடிக்குக் கீழே எல்லாக் குழியிலும் செம்மண் கலந்த நல்ல சரளை.

மாதிரியைக் கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, இறுக்கச் சோதனையும் தாங்குதிறன் சோதனையும் முடிந்து, நிரப்பத் தகுதியானது என்று தாள் வந்தது. கரிசலைத் தனியே வழித்து எல்லை ஓரத்தில் மரம் நடும் இடத்துக்கு ஒதுக்கி, அடியில் இருந்த சரளையைத் தாழ்வுக்குத் தள்ளி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினோம். வெளியிலிருந்து வர வேண்டிய லோடு 360இலிருந்து 180 ஆனது. ஒரு லோடுக்குப் போக வர 44 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் தரும் டிப்பருக்கு அது ஏறக்குறைய 14 லிட்டர். 180 லோடுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டரை ஒட்டி, ஆறரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. இதில் மண்ணை வெளியே கொண்டுபோகும் நடைகள் சேரவில்லை. கேரளத்தில் மண்ணை வெளியே எடுக்கக் கனிமவளத் துறையின் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்; அந்த அலைச்சலும் மிச்சம். ஆறு குழிக்கு ஆன செலவு ஜேசிபிக்கு அரை நாள் வாடகை. மண்ணுக்கு லாரி சொல்லும் முன்பு குழி எடுத்துப் பாருங்கள் என்று நான் பார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிலர் கேட்கிறார்கள்.

மீதி 180 லோடுக்கு வந்த டிப்பர்கள்தான் ஹிட்டாச்சியை நிற்கவைத்தவை. தளத்துக்குள் கரிசலையும் சரளையையும் ஏற்றிப் பரப்பவும் அதே நான்கு டிப்பர்கள்தான். நான்கும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாகச் சாயாக் கடையில் நின்று, ஒன்றாக வந்து சேரும். வந்ததும் வரிசை, போனதும் நாற்பது நிமிடத்துக்கும் மேலான வெறுமை. அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. நால்வரும் ஒரே ஊர்க்காரர்கள், சேர்ந்துதான் சாயா குடிப்பார்கள். கடைசியில் காலையில் புறப்படும் நேரத்தைக் கால் மணி நேர இடைவெளியில் எழுதி ஒட்டினேன். சாயா நேரம் அவரவருக்கு வேறுவேறாக அமைந்துவிட்டது. கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

எஞ்சினை அணைக்காததற்கு ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்காமல் "ஆஃப் பண்ணுங்க" என்று பலகை வைப்பதில் பயனில்லை என்பதை இரண்டு வாரத்தில் கற்றேன். ஜேசிபி ஓட்டியவரிடம் கேட்டபோது, "ஆஃப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுங்க சார், பேட்டரி போயி ஆறு மாசமாச்சு, ஓனர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சுங்க" என்றார். ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்து, உரிமையாளரின் வாடகையில் கழித்துக்கொண்டோம். ஹிட்டாச்சி ஆபரேட்டர் சேட்டனுக்கு டர்போ பற்றிய பயம்; கடும் வேலைக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பது உண்மைதான், அதைத்தான் அவர் நாற்பது நிமிடமாக நீட்டிவிட்டார். ஆனால் அவருடைய உண்மையான காரணம் கேபினுக்குள் இருந்த ஏசி. மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் அவரை வெளியே இறங்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? பனைமரங்களுக்கு அடியில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டு, ஒரு மின்விசிறியும் பானைத் தண்ணீரும் வைத்தோம். பிறகு அவரே இறங்கி வந்தார்.

இதற்கும் மேலே ஒரு முடிச்சு இருந்தது. வாடகை மணிக்கணக்கு, மணி மீட்டர் எஞ்சின் ஓடினால் ஏறும், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும். டீசல் எங்களுடையது. ஆக, வண்டி சும்மா ஓடினால் உரிமையாளருக்கு வரவு, எங்களுக்கு இரட்டைச் செலவு. மணிக்கு 1,400 ரூபாய் என்றால் 86 மணிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை நாங்கள் உறுமலுக்குக் கொடுத்திருந்தோம். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது, கார்பன் என்ற சொல்லுக்கு அசையாத எங்கள் முதலாளி அன்று மாலையே உரிமையாளரை அழைத்தார். மொத்தமாக வெட்டும் வேலைக்கு யூனிட் கணக்கு (நூறு கன அடி மண் யூனிட், மேலே சொன்ன மின் யூனிட் வேறு), சமன் செய்யும் நுணுக்க வேலைக்கு மட்டும் மணிக்கணக்கு, ஆபரேட்டரின் பேட்டாவில் கை வைக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். உரிமையாளர் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டார், பிறகு ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் வெறுமனே ஓடிய நேரம் 31 மணியாக இறங்கியது. டீசலில் அது 190 லிட்டர்தான். வாடகையில் 77,000 ரூபாய்.

யூனிட் கணக்கு வந்த பிறகு ஆபரேட்டரே சில நல்ல வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹிட்டாச்சியை ஓர் ஆள் உயர மேட்டில் நிறுத்தி டிப்பரைக் கீழே பக்கவாட்டில் விட்டால் கையை அதிகம் தூக்கவும் சுற்றவும் வேண்டாம்; பாதி வட்டம் சுற்றுவதற்குப் பதில் கால் வட்டத்துக்கும் குறைவாகச் சுற்றினால் ஒவ்வொரு வாளிக்கும் சில நொடி மிச்சம். தேய்ந்த வாளிப் பல்லை மாற்றியதும் சரளையில் எஞ்சின் திணறுவது குறைந்தது. டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்றில் தூசி அசாத்தியமாக இருந்ததால், ஏர் பில்டரை வாரம் ஒருமுறை பார்ப்பதைத் தினமும் என்று மாற்றினோம். உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்லக் காற்றடிக்க வேண்டும், டயரில் தட்டக் கூடாது. இவற்றுக்குத் தனித்தனியே லிட்டர் கணக்கு என்னிடம் இல்லை.

புது வண்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் இயந்திர விற்பனையாளர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரக் கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் நிலை மாசு விதி வந்தது, 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலை. ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் புதிய விதி. இவை கரித்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கட்டுப்படுத்துபவை. வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை, கரித்துகளும் வெப்பத்தைக் கூட்டுவதுதான். ஆனால் எரிந்த ஒரு லிட்டர் டீசலுக்கு வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு பழைய வண்டியிலும் புது வண்டியிலும் அதே 2.68 கிலோதான். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதை வைத்து நோட்டில் குறைத்து எழுத முடியாது. பேட்டரியில் ஓடும் இயந்திரம் வந்தால் கதை வேறு. நார்வேயின் ஆஸ்லோவில் நகராட்சித் தளங்களில் அப்படித்தான் வேலை வாங்குகிறார்கள். வேலந்தாவளத்தில் வாடகைக்கு அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டு ஒரு மூட்டை தயாராகும்போதே 40 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. ஒரு கிடங்கின் சிமெண்டையும் இரும்பையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் டீசல் அதன் முன்னே சிறியது. ஆனால் கிடங்கின் வரைபடமும் சிமெண்டின் வகையும் என் கைக்கு வரும்போதே முடிவாகி வந்துவிடும். பேரலின் சாவி மட்டும் என் சட்டைப் பையில் இருக்கும்.

2024 ஜூனில் மழை பிடிப்பதற்குள் கூரை போட்டு முடித்தோம். இப்போது மீனாட்சிபுரத்துக்கு அருகே அடுத்த வேலை. மின் இணைப்புக்கான விண்ணப்பத்தை ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே கொடுத்துவிட்டேன். கம்பம் நட்டாயிற்று, குழிகள் எடுத்துப் பார்த்தாயிற்று. போன வாரம் வாடகை ஜேசிபி ஒன்று உள்ளே வந்தது. ஆபரேட்டர் புதியவர், இறங்கி வந்து வணக்கம் சொன்னார்; பின்னால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. "ஏனுங்க தம்பி, பேட்டரி எப்படி?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி தலையைச் சொறிந்தார்.